ஈமேக்ஸில் டிக்கா, ரன்-டிக்கா? ஒன்று போதும்

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குள் இருந்தபடியே ஒரு டொமைனின் டிஎன்எஸ் விவரம் (அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி போன்றவை) பார்க்க டிக், ரன்-டிக், என்எஸ்லுக்அப்-ஹோஸ்ட், டிஎன்எஸ்-லுக்அப்-ஹோஸ்ட் என்று நான்கு கட்டளைகள். கடைசி இரண்டும் வேறு வேறு புரோகிராம்களை ஓட்டுபவை, இருந்துவிட்டுப் போகட்டும். விண்டோஸில் டிக் புரோகிராம் கூடவே வராது, என்எஸ்லுக்அப் வரும். அங்கே ஈமேக்ஸை நான் அபூர்வமாகத்தான் தொடுகிறேன் என்பதால் அந்தப் பக்கம் தீர்ப்பு சொல்லவில்லை. முதல் இரண்டும் கூப்பிடுவது ஈமேக்ஸுக்கு வெளியே இருக்கும் ஒரே டிக் புரோகிராமைத்தான். டிக் கட்டளை ஈமேக்ஸின் டிக் என்ற தனி ஃபைலில் இருக்கிறது, ரன்-டிக் நெட்-யூட்டில்ஸ் என்ற ஃபைலில். இப்படித் தனித்தனியாக இருக்கும் ஈமேக்ஸ் வெளியீடுகளில் நான் டிக்கை வைத்துக்கொண்டு ரன்-டிக்கை விட்டுவிட்டேன்.

பயன்பாட்டில் டிக் வசதியானது. பதில் வந்ததும் கர்சர் நேராக 'ஆன்சர் செக்‌ஷன்' வரிக்குக் கீழே போய் நிற்கும். தலைப்பு வரிகளைத் தாண்டித் தேட வேண்டாம். க்யூ அடித்தால் பஃபரே (பதில் காட்டப்படும் இடமே) ஒழிந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பஃபர் என்பதால், எம்எக்ஸ் ரெக்கார்டை (டொமைனின் மின்னஞ்சல் சர்வரைச் சொல்வது) மாற்றும் முன்பும் பின்பும் எடுத்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ரன்-டிக்குக்கு ஒரு நிஜமான பலம் உண்டு: அது பின்னணியில் ஓடும். டிக் அப்படியில்லை; பதில் வரும்வரை எடிட்டர் அப்படியே நின்றுவிடும். சர்வர் வாய் திறக்காவிட்டால், டிக் புரோகிராமின் வழக்கப்படி 5 விநாடி வீதம் 3 முறை காத்திருக்க வேண்டும். கன்ட்ரோல்-ஜி அடித்து வெளியே வரலாம்தான். ஹோம் டைரக்டரியில் உள்ள டிக்ஆர்சி ஃபைலில் காத்திருக்கும் நேரத்தை 2 விநாடி, முயற்சியை 1 என்று குறைத்த பிறகு எனக்கு இது தொல்லையாக இல்லை. டெர்மினலில் ஓட்டும் டிக்குக்கும் அதே அமைப்பு பொருந்தும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. புரோகிராமின் பெயரைச் சொல்லும் ஒரே மாறியை இரண்டு ஃபைல்களும் தனித்தனியாக அறிவிக்கின்றன. எது பிறகு லோட் ஆகிறதோ அதன் விளக்கம்தான் உதவியில் தெரியும். எந்த சர்வரைக் கேட்பது என்ற அமைப்பு டிக்குக்கு மட்டும். கூடுதல் ஆப்ஷன்களின் அமைப்பு ரன்-டிக்குக்கு மட்டும். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் தெரியாது. இரண்டையும் கலந்து பயன்படுத்தினால், ஒரே டொமைனுக்கு இரண்டு சர்வர்களின் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, கேச் (சேமித்து வைத்த பழைய பதில்) பிரச்சினையோ என்று குழம்ப நேரும். டிஎன்எஸ் கோளாறைத் தேடும்போது கருவியே சந்தேகத்தைக் கூட்டக் கூடாது.

பெயர் இரண்டாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே நெட்-யூட்டில்ஸில் ஐபிகான்ஃபிக் என்பது இஃப்கான்ஃபிக்கின் மாற்றுப் பெயர் மட்டுமே, யாருக்கும் பாரமில்லை. ரன்-டிக்கையும் அப்படியே டிக்கின் மாற்றுப் பெயராக்கிவிடலாம். நெட்-யூட்டில்ஸ் லோட் ஆன பின் மாற்றுப் பெயர் வைக்கும் வரி ஓடும்படி எழுதுங்கள், இல்லையென்றால் பழைய வரையறை மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம், உங்கள் ஈமேக்ஸ் லிஸ்ப் கோடில் ரன்-டிக்கை சர்வர் பெயரோடு அழைத்திருந்தால் அதையும் திருத்த வேண்டும். ரன்-டிக்குக்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) சர்வர். டிக்குக்கு அது ரெக்கார்டின் வகை, சர்வர் வருவது ஆறாவதாக.