சிவப்புப் பந்தா, மஞ்சள் பந்தா: பள்ளி வகுப்பில் டென்னிஸ் தொடக்கம்

உடற்கல்வி வகுப்பில் டென்னிஸைத் தொடங்கும் ஆசிரியர், வழக்கமான மஞ்சள் பந்தை 23.77 மீட்டர் நீளமுள்ள முழு ஆடுகளத்தில் கொடுக்கலாம். அல்லது மெதுவாகச் செல்லும் சிவப்புப் பந்தைச் சுமார் 11 மீட்டர் நீளமுள்ள சிறு களத்தில் கொடுக்கலாம்.

மஞ்சள் பந்து எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையின் தோளுக்கு மேலே எழும்பிவிடுவதால், அக்குழந்தை பின்வாங்கி, பிடியை மாற்றி, பந்தைத் தடுத்து அனுப்பவே பழகுகிறது. மட்டையைக் கீழிருந்து மேலாகக் கொண்டு செல்லும் அடிப்படை வீச்சு உருவாக வாய்ப்பே அமைவதில்லை. ஏறத்தாழ 75 விழுக்காடு மெதுவான சிவப்புப் பந்தோ இடுப்பளவில் வருவதால், காலை நகர்த்தவும், தோளைத் திருப்பவும், உடலுக்கு முன்னால் பந்தைச் சந்திக்கவும் போதிய நேரம் கிடைக்கிறது. இருவர் விடாமல் மாறி மாறி அடித்து ஆடும் மகிழ்ச்சியைத் தொடக்க வகுப்புகளிலேயே தருவதுதான் இதன் பெரும் பலன் என்பது என் உறுதியான கருத்து. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பும் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் 2012 முதல் வழக்கமான மஞ்சள் பந்தை அனுமதிப்பதில்லை.

இடவசதியிலும் வேறுபாடு பெரிது. முழுக் களத்தில் நால்வர் ஆட, மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க நேரும். 13.4 மீட்டர் நீளமுள்ள பேட்மிண்டன் களத்திலோ, வலையைத் தாழ்த்திக் கட்டினாலே சிவப்புப் பந்து ஆட்டம் நடந்துவிடும்.

மஞ்சள் பந்து கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது என்பது உண்மையே. உயரமும் தோள்வலிமையும் பெற்ற மேல்நிலை மாணவர்களுக்கு, மஞ்சள் பந்தைவிடச் சற்று மெதுவான, பச்சைப் புள்ளியிட்ட பந்தில் சில வகுப்புகள் பழக்கிய பிறகு மஞ்சள் பந்தையே கொடுக்கலாம்.