அடுப்பிலிருந்து நேரே ஓவனுக்கு: எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டியில் காலைக் காப்ளர்

சென்ற ஆண்டு வரை, ஞாயிறு காலையில் காப்ளர் (பழத்தின் மேல் மாவு வைத்து ஓவனில் சுடும் பண்டம்) என்றால் எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு முன் யாரும் சாப்பிட உட்கார முடியாது. பழத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மேலே மாவைக் கிள்ளி வைத்து, ஓவனுக்குள் தள்ளினால் வேக முக்கால் மணி நேரம், ஆற இருபது நிமிடம். அவ்வளவு காத்திருந்தும் மாவின் மேற்புறம்தான் பொன்னிறமாக இருக்கும். அடிப்புறம் சாற்றில் ஊறிப் பிசுபிசுவென்று வேகாமல் கிடக்கும். இளையவள் அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுப் பழத்தை மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். இப்போது ஏழேகாலுக்குச் சாப்பிடுகிறோம். அவள் தட்டில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. பழம் அதேதான், மாவும் அதேதான். பாத்திரத்தை மட்டும் மாற்றினேன்.

வாங்கியது 26 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வார்ப்பிரும்புச் சட்டி. உள்ளும் புறமும் எனாமல் பூச்சு, இரு பக்கமும் சிறு காதுகள், கனமான மூடி. பத்து மாதமாக, வெளியூர் போன சில வாரங்கள் தவிர, எல்லா ஞாயிறும் இதில்தான் சமைக்கிறேன்.

அடிமாவு ஏன் வேகவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. முந்தின இரவே பழத்தை நறுக்கிச் சர்க்கரை சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் அது சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்தால், கீழே பழம் கொதிநிலைக்கு வருவதற்குள் மேலே மாவு சிவந்துவிடுகிறது. சாறு கெட்டியாவதற்கு நாம் சேர்க்கும் சோள மாவும் (கார்ன்ஃப்ளார்) நன்றாகக் கொதித்தால்தான் வேலை செய்யும். ஆக, வேகாத மாவும் நீர்த்த சாறும் ஒரே காரணத்தால் வருபவை. பழத்தை முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டால் இரண்டும் தீரும். ஆனால் கண்ணாடியை அடுப்பில் ஏற்ற முடியாது, பீங்கானையும் முடியாது. வேறு பாத்திரத்தில் கொதிக்கவைத்து மாற்றலாம்தான். கழுவ இன்னொரு பாத்திரம் சேரும் என்பது ஒருபுறமிருக்க, கொதிக்கும் பழத்தைக் குளிர்ந்த கண்ணாடியில் கொட்ட எனக்குத் துணிவில்லை. சட்டென்று மாறும் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும்.

இந்தச் சட்டி அடுப்பிலும் உட்காரும், ஓவனிலும் உட்காரும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

காலை ஆறேகாலுக்கு ஓவனை 200 டிகிரி செல்சியஸில் வைப்பேன். 900 கிராம் பழம் (பீச், பிளம்ஸ், ஆப்பிள், எது கிடைத்தாலும்), 75 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு: எல்லாவற்றையும் சட்டியில் போட்டு மிதமான தீயில் கிளறுவேன். ஆப்பிளுக்கு மட்டும் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். காலை உணவு என்பதால் சர்க்கரையைக் குறைத்திருக்கிறேன். இனிப்புப் பண்டமாகச் செய்பவர்கள் இதைப்போல இரண்டு பங்கு போடுவதுண்டு. பழம் கொதிப்பதற்குள் 190 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றில் 85 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, 150 மில்லி குளிர்ந்த பாலை ஊற்றி, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் கலப்பேன். பிசைந்தால் மாவு இறுகிவிடும். முட்டை இல்லை. அத்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவர் மனநிறைவோடு சாப்பிடும் ஒரே பேக்கரிப் பண்டம் இதுதான் என்பதால், வேறு செய்முறைகளை நான் தேடிப் போவதில்லை.

நடுவில் குமிழி வெடித்து, சாறு பளபளவென்று கெட்டியானதும் அடுப்பை அணைத்து, மாவைக் கரண்டியால் எட்டுக் குவியலாக வைக்க வேண்டும். குவியல்களுக்கு இடையே ஆவி வெளியேற வழி இருக்கட்டும். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் இங்கே தாமதிக்கக் கூடாது. கொதிக்கும் பழத்தின் மேல் விழுந்த நொடியிலேயே மாவின் அடிப்பக்கம் வேகத் தொடங்குகிறது; மேற்பக்கத்தை ஓவன் பார்த்துக்கொள்கிறது. 25 நிமிடம் போதும். எடுத்தபின் கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

எனாமல் பூசாத வெறும் வார்ப்பிரும்பு விலை குறைவாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: அக்காவிடம் இரவல் வாங்கி அதிலும் செய்து பார்த்தேன். பிளம்ஸின் புளிப்பு இரும்போடு சேர்ந்து சாறு கறுத்தது, நாவில் இரும்பு வாடை நின்றது. எண்ணெய் தடவித் தடவி அக்கா பழக்கி வைத்திருந்த கறுப்புப் படலமும் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. அதைத் திரும்பப் பழக்கிக் கொடுத்தேன். எனாமல் என்பது ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் இரும்பின் மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. புளிப்பு அதை ஒன்றும் செய்யாது.

குறைகளும் உண்டு. முதல் குறை கனம். பழமும் மாவும் நிறைந்த சட்டியை ஓவனுக்குள் குனிந்து வைப்பதும் எடுப்பதும் எளிதல்ல. காதுகள் மிகச் சிறியவை. தடித்த கையுறை போட்டால் விரல் நுழையவில்லை, மெல்லிய துணியால் பிடித்தால் சுடுகிறது. மூன்றாவது வாரத்தில் துணி வழுக்கிச் சாறு ஓவன் தளத்தில் கொட்டிப் புகைந்தது. இதை வடிவமைத்தவர்கள் நிறைந்த சட்டியை ஒருமுறையாவது தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். மூடியால் காப்ளருக்குப் பயனே இல்லை. ஆறும்போதுகூட மூடாதீர்கள், ஆவி இறங்கி மேல்மாவு நமுத்துப்போகும்.

சூட்டைப் பிடித்து வைக்கும் குணத்தில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. தாமதமாக எழும் மூத்தவன் அரை மணி நேரம் கழித்து வந்தாலும் சூடாகவே கிடைக்கிறது. ஆனால் வெளியே எடுத்த பிறகும் ஓரத்துச் சாறு கொதித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் முழுதும் சிவக்கும்வரை காத்திருக்காமல் இரண்டு நிமிடம் முன்னதாக எடுக்கிறேன். ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைக்கு வெந்நீரில் ஊறவைத்தால் போதும். சட்டி முழுதாக ஆறிய பிறகுதான் தண்ணீர் படலாம். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைக்கவும் கூடாது, எனாமல் தெறித்துவிடும்.

ஓவனில் செய்வதை எப்போதாவது மட்டும் செய்பவர்களுக்குக் கண்ணாடிப் பாத்திரமே போதும். பழத்தை முந்தின இரவே நறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், காலையில் நறுக்கிச் செய்தால் சரியாக வரும். மணிக்கட்டில் வலி உள்ளவர்கள் 20 சென்டிமீட்டர் சட்டி வாங்கி, அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளலாம். அத்தை தனியாக இருக்கும் நாட்களுக்காக அந்தச் சிறிய சட்டியையும் அடுத்த மாதம் வாங்கப்போகிறேன். இம்முறை காதுக்குள் நான்கு விரல் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துத்தான் எடுப்பேன்.