பவானி ஜமக்காளம், 9-க்கு 6 அடி: மூன்று பொங்கலுக்கு விரித்த பிறகு எழுதுகிறேன்

வீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் கூப்பிடுகிறவர்கள், பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது பெங்களூரு ராமமூர்த்தி நகரில், இரண்டு படுக்கையறை வீடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் இருபது பேராவது சாப்பிட வருவார்கள். அல்சூரிலிருந்து பெரியம்மா குடும்பம், வீட்டுக்காரரின் ஆபீஸ் ஆட்கள், அப்பார்ட்மெண்ட்டில் மூன்று வீடு. சாப்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதும் இல்லை. ஆபீஸ் ஆட்கள் பால்கனியில் நிற்பார்கள், சொந்தக்காரர்கள் உள்ளே கட்டில்மேல், கீழ்வீட்டு கன்னட ஆன்ட்டி மட்டும் வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் போனைத் தடவிக்கொண்டு இருப்பார். மூன்று இடத்துக்கும் காபி தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஆன்ட்டி பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார், எனக்கு அன்று ராத்திரி முழுக்க மனசு உறுத்தும்.

பெரியம்மாதான் கேட்டார். "ஏன்டி, ஒரு ஜமக்காளம்கூட இல்லாமலா குடும்பம் நடத்துற?"

முதலில் ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். பவானி ஜமக்காளம், கைத்தறி என்றுதான் போட்டிருந்தது. அது ஜமக்காளத்தில் வடிகட்டின பொய். வந்தது மெல்லிசாக, போர்வை மாதிரி. நாலு பேர் எழுந்து உட்கார்ந்தால் சுருண்டுகொள்ளும். இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட துணிகளில் ஒன்று, விசைத்தறியில் நெய்யவே கூடாது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவ்வளவு இருந்தும் போலி சரக்கு பாதி விலைக்கு வந்து, குழித்தறியில் காலை விட்டு நெய்கிறவர்களின் வயிற்றில் அடிக்கிறது.

அப்புறம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நேரே பவானிக்கே போனோம். காவிரியும் பவானி ஆறும் சேரும் கூடுதுறையில் கால் நனைத்துவிட்டு, நெய்கிற ஒரு வீட்டில் பார்த்தே வாங்கினோம். அங்கே இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் விடும் நாடாவை, அதாவது குறுக்கு நூலை ஓட்டும் கட்டையை, இன்னொருவர் வாங்கி நெய்துகொண்டிருந்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் பட்டை, ஓரத்தில் கறுப்பு. தூக்கியபோதே கை சொல்லிவிட்டது, கனம் அப்படி. ஆன்லைனில் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலை. பேரம் பேசவில்லை.

அந்தப் பொங்கலுக்கு சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹால் நடுவில் விரித்தேன். நாற்காலி வாடகைக்கு எடுக்கவில்லை. முதலில் பிள்ளைகள் வந்து, ஆளுக்கொரு பட்டையைப் பிடித்துக்கொண்டு "நீலம் எங்களோடது" என்று சண்டை போட்டார்கள். அவர்களைத் தாண்டி யாரும் எங்கேயும் போக வழியில்லை, அதனால் பெரியவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சோபாவில் உட்கார்ந்தால் பக்கத்து ஆளை மட்டும்தான் பார்க்க முடியும். தரையில் வட்டமாக உட்காரும்போது எதிரில் இருப்பவர் முகம்தான் கண்ணில் படுகிறது. பேசாமல் எவ்வளவு நேரம் இருப்பது?

ஆனாலும் பேச்சு சரளமாக வந்தது அவரைக்காய் பருப்பால்தான். தை மாசம் என்றால் பெங்களூரில் தெருவெல்லாம் அவரைக்காய் வாசனை. பெரியம்மா ராத்திரியே ஊறவைத்த பருப்பை ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்து ஜமக்காளத்தின் நடுவில் வைத்தார். இரண்டு விரலால் அழுத்தினால் தோல் விரலில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பேசினுக்குள் விழும். பழகாத கையென்றால் எதிரில் இருப்பவர் மடியில் போய் விழும். வீட்டுக்காரரின் மேனேஜர் அழுத்தியது ஆன்ட்டியின் புடவையில் விழுந்தது. அவர் பதறி சாரி கேட்க, ஆன்ட்டி சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினார். எங்கள் பெரியம்மா இதைப் பிதுக்குப் பருப்பு என்பார், ஆன்ட்டி ஹிதக்கித அவரேகாளு என்றார், இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்று தெரிந்ததும் இருவரும் குழம்புக்குத் தேங்காய் எவ்வளவு என்பதில் இறங்கிவிட்டார்கள். அரைமணி நேரத்தில் பேசின் காலி. ஆன்ட்டி அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கீழே போனார்.

சரி, வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 9-க்கு 6 அடியில் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், நெருக்கினால் பதினைந்து. முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போட்டே ஆக வேண்டும். ஆனால் அதைச் சுவரோரம் தனியாகப் போடாதீர்கள், ஜமக்காளத்தின் மேலேயே, வட்டத்துக்குள் போடுங்கள். முதல் வருடம் பெரியப்பாவைத் தள்ளி உட்கார வைத்து, அவர் பாவம் எல்லோர் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வருடம் நாற்காலியோடு நடுவில் கொண்டுவந்தோம், பிள்ளைகள் அவர் காலில் சாய்ந்துகொண்டு கதை கேட்டார்கள்.

முதல் சலவையில் சிவப்பு கொஞ்சம் போகும். தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எங்கள் வாஷிங் மெஷினில் இது போகாது. நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், காய இரண்டு முழு நாள். மொட்டை மாடிக்குப் போக விடாத அப்பார்ட்மெண்ட் என்றால் இது பெரிய தொல்லை, யோசித்து வாங்குங்கள். புதிதில் பஞ்சு உதிரும், கறுப்புப் பேண்ட் போட்டு வருகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சாம்பார் கொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள், மஞ்சள் பட்டையில் தெரியாது, நீலத்தில் தெரியும்.

மூன்று வருடத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரையைக் குறைத்தது காயவைக்கும் தொல்லைக்காக.

போன மாதம் ஆன்ட்டி பேத்தியின் பிறந்தநாளுக்கு இதை இரவல் வாங்கிப் போனார். துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த முறை பவானி போனால் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார், பச்சை அதிகமாக இருக்கிற மாதிரி.