புது நாட்டில் அன்றாடப் படங்கள்: 35 மி.மீ பிரைமா, 24–105 ஜூமா?

புது நாட்டில் குடியேறியவர் அன்றாடப் படங்களுக்கு எந்த லென்ஸை வாங்கலாம்? பிரைம் என்றால் குவியதூரம் (மி.மீ எண்) மாறாத லென்ஸ்; ஜூமில் அதை மாற்றலாம், எண் கூடினால் தூரத்துக் காட்சி பெரிதாகும். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவை வைத்துப் பேசுவோம். 35 மி.மீ f/2 லென்ஸுக்கும் 24–105 மி.மீ f/4 ஜூமுக்கும் இடையே இரண்டு ஸ்டாப் வித்தியாசம்: f எண் லென்ஸ் துளையின் அளவு, f/2 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மாலை மங்கலில் f/2, ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 1600-இல் ஷட்டர் வேகம் 1/125 நொடி கிடைக்கும் தெருவில், f/4-இல் அதே ஐ.எஸ்.ஓவுக்கு 1/30 நொடிதான். ஸ்டெபிலைசேஷன் கைநடுக்கத்தை அடக்கும். நடந்து போகிறவரின் கால் படத்தில் மங்கலாவதைத் தடுக்காது. 1/125 வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ 6400, கூடவே இரைச்சல், அதாவது படத்தில் புள்ளிப்புள்ளியான கரகரப்பு. குளிர்நாடுகளில் நாலு மணிக்கே இருட்டும் மாதங்களில் இது பெரிய விஷயம்.

நிலக்காட்சிக்கு ஜூம்தான். ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையை 24-இல் எடுத்தால் சுண்டிப்போகும். பின்வாங்கி நின்று 105-இல் எடுங்கள். கூரைகளுக்கு மேல் ஓங்கி எழும். f/8 போதும். f/16-க்கு மேல் போனால் ஒளிவிளிம்பு விளைவால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) கூர்மை குறையும்.

எடையில் ஜூம் ஏறக்குறைய இரு மடங்கு. கனமான கேமரா வீட்டிலேயே தங்கிவிடும், அன்றாடப் படத்துக்கு அதுவே முதல் எதிரி. அதனால் முதல் ஆண்டுக்கு 35-ஐயே சொல்வேன். மலையோ கடலோ பக்கத்தில் இருந்தால் மட்டும் ஜூம்.

எதுவானாலும், உறைகுளிரிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முன் மெமரி கார்டை எடுத்துவிட்டு கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். இல்லையேல் லென்ஸுக்குள் ஈரம் படியும்.