முன்பு ரம்மி ஆடியவர்களைத் தேடி வரும் டெலிகிராம் லிங்க்: தொடவே தொடாதீர்கள்

உங்கள் வீட்டில் யாராவது பணம் கட்டி ஆன்லைன் ரம்மி ஆடிக்கொண்டிருந்து, தடை வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருந்தால், தயவுசெய்து அவரோடு உட்கார்ந்து அவருடைய போனில் டெலிகிராமையும் வாட்ஸ்அப்பையும் ஒரு தடவை பாருங்கள். ஆப்கள் மூடிவிட்டன, ஆடத் துடிக்கும் மனசு அப்படியேதான் இருக்கிறது. அது தெரிந்த திருடர்கள் அதே ஆட்களைக் குறிவைத்து வருகிறார்கள். என் தம்பியை அப்படித்தான் பிடித்தார்கள்.

தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது ரம்மி ஆட ஆரம்பித்தான். எங்கள் பக்கம் எழவு வீட்டில் ராத்திரி முழித்திருக்கச் சீட்டு ஆடுவார்கள், அதனால் போனில் ரம்மி ஆடுகிறான் என்றபோது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஆனால் போனில் ஆடுவது வேறு. இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும், எந்த நேரம் திறந்தாலும் எதிரே ஆள் தயார். பாயிண்டுக்கு ஐந்து ரூபாய் மேசையில் முழுசாக மாட்டினால் 80 பாயிண்ட், அதாவது 400 ரூபாய் போச்சு. சீட்டு சரியில்லை என்று எடுத்தவுடனே ட்ராப் செய்து விலகினாலும் 20 பாயிண்ட் போகும். ஜெயித்தவன் பணத்திலிருந்தும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆப் கமிஷன் எடுத்துக்கொள்ளும், ஆகவே ஆடுகிறவர்கள் மாறி மாறி ஜெயித்தாலும் மொத்தத்தில் எல்லாருடைய பணமும் கரைந்துகொண்டேதான் இருக்கும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் தம்பி 12 மணிக்குப் படுத்து, 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆடினான் என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். அந்த அளவுக்குப் போயிருந்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்ததும் பெரிய ஆப்கள் எல்லாம் பணம் கட்டும் மேசைகளை மூடின. தம்பி கணக்கில் மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தை எடுத்துக்கொண்டு, இனி இல்லை அக்கா என்றான். உண்மையாகவே சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்புறம் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சும்மா சும்மா போனை எடுத்துப் பார்ப்பான், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவான். அந்த நேரத்தில்தான் டெலிகிராமில் மெசேஜ் வந்தது: பழைய விஐபி பிளேயர்களுக்கு மட்டும் தனி குரூப், வெளிநாட்டு லைசென்ஸ், இந்தியத் தடை இதற்குப் பொருந்தாது, முதல் டெபாசிட்டுக்கு இரண்டு மடங்கு போனஸ். சொன்னது எல்லாமே பொய். வெளிநாட்டிலிருந்து நடத்தினாலும் இங்கே இருப்பவர்களிடம் பணம் வாங்கி ஆடவைத்தால் அந்தச் சட்டம் பொருந்தும்.

ஆப் ப்ளே ஸ்டோரில் இல்லை, ஏபிகே ஃபைலாக, அதாவது ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாகப் போனில் ஏற்றும் ஃபைலாக அனுப்பினார்கள். ஏஜென்ட் என்று ஒருவன் நல்ல தமிழில், ப்ரோ ப்ரோ என்று மரியாதையாகப் பேசினான். பணம் போட ஒவ்வொரு தடவையும் புதிய க்யூஆர் கோடு, ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு தனி ஆளின் பெயர். ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டும்போது தினம் ஒரு ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், இதை மட்டுமாவது எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அவன் 500, 1,000 என்று எடுத்தபோது பணம் உடனே வங்கிக் கணக்குக்கு வந்தது. அதனால் நம்பினான். பிறகு பெரிய தொகையாகப் போடப் போட, ஜெயித்துக்கொண்டே இருந்தான், திரையில் 1,80,000 ரூபாய் என்று காட்டியது. எதிரே ஆடியது மனிதனா மெஷினா என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த எண்ணும் யாரோ தட்டிவிட்ட எண்தான்.

அதை எடுக்கப் போனபோது, ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் டிடிஎஸ், ஆகவே 54,000 ரூபாயை முதலில் கட்டினால்தான் ரிலீஸ் ஆகும் என்றார்கள். 30 சதவீத வரி என்பது நிஜமாகவே சட்டத்தில் இருந்ததால்தான் தம்பி ஏமாந்தான், அவன் பழைய ஆப்பிலேயே அந்தப் பிடித்தத்தைப் பார்த்திருக்கிறான். ஆனால் டிடிஎஸ் என்றால் நமக்குத் தரும் பணத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவது. அதை முன்கூட்டி நம்மைக் கட்டச் சொல்பவன் திருடன், வேறு விளக்கமே தேவையில்லை. மனைவியின் செயினை அடகு வைத்துக் கட்டினான். அடுத்தது கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பில் பெயர் பொருந்தவில்லை என்று ஒரு கட்டணம், அதற்கடுத்தது கணக்கைத் திறக்க ஒரு கட்டணம். அதற்கு லோன் ஆப்பில் வாங்கினான். லோன் ஆப்காரன் அவன் போனில் இருந்த எல்லா நம்பரையும் எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தவறியதும் கம்பெனி மேனேஜர், அவன் மாமனார், நான் என்று வரிசையாகக் கூப்பிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினான். எங்களுக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

அப்புறம் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. தம்பியின் சம்பளக் கணக்கு முடங்கிவிட்டது. ஆரம்பத்தில் அவனுக்கு 500, 1,000 என்று வந்ததே, அந்தப் பணம் வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றி எடுத்த பணம். ஏமாந்தவர் அங்கே சைபர் கிரைமில் புகார் கொடுக்க, பணம் போன வழியில் இருந்த கணக்குகளை எல்லாம் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்கள், அதில் இவன் கணக்கும் ஒன்று. வங்கியில் கேட்டால், புகார் எண்ணும் அந்த ஊர் காவல் நிலையத்தின் மெயிலும் தருகிறோம், அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அந்த மாதச் சம்பளம் அப்படியே உள்ளே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குப் பால் வாங்கவும் என்னிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் அவன் மனைவி நின்றாள். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்?

இது போதாதென்று, போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று ஒரு "சைபர் வக்கீல்" போன் செய்தான், ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டச் சொன்னான். அதுவும் அதே கும்பல்தான் என்று நான் நினைக்கிறேன். நல்ல வேளை, அந்தப் போனை நான் எடுத்தேன். பணம் பறிபோனால் கூப்பிட வேண்டியது அரசின் சைபர் மோசடிப் புகார் எண் 1930, அவர்கள் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். ஆடியதே தப்பு, புகார் கொடுத்தால் நம்மையே பிடிப்பார்களோ என்று தம்பி பயந்து நாட்களை ஓட்டிவிட்டான். 2025 சட்டத்தில் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. பணம் கட்டி ஆடியவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது.

தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகும் மூன்று நம்பர் சீட்டு விற்றவர்களைப் போலீஸ் பிடிப்பதை நாம் இன்றும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடையை மூடினால் மட்டும் போதாது, ஆடியவருக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமே சூதாட்டப் பழக்கத்தை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் திட்டுவது, சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குவது இதெல்லாம் உதவாது, நாங்கள் அதை எல்லாம் பார்த்தாயிற்று. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம், அங்கே டாக்டர் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பேசினார், அதன்பிறகுதான் மறைத்துவைத்திருந்த மீதிக் கடனையும் வெளியே சொன்னான். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 எண்ணில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், இலவசம். கடன் நெருக்கடியில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் சும்மா மிரட்டுகிறார் என்று விட்டுவிடாதீர்கள், அன்றே கூப்பிடுங்கள்.

இப்போது தம்பியின் சம்பளம் மனைவி பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறது, அவன் போனில் யூபிஐ இல்லை, இரண்டும் அவனே கேட்டுச் செய்தது. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. முடங்கிய கணக்குக்காகப் புகார் எண், வங்கி ஸ்டேட்மென்ட், அந்தக் க்யூஆர் ஸ்க்ரீன்ஷாட்கள் எல்லாம் சேர்த்து மெயில் அனுப்பியிருக்கிறோம். வேறு மாநிலப் புகாரால் முடங்கிய கணக்கை யாராவது திறக்கவைத்திருந்தால், என்ன காகிதம் கேட்டார்கள், எவ்வளவு நாள் ஆனது என்று எழுதுங்கள். டெலிகிராம் குரூப்பை விட்டு வெளியேறப் போகிறவர்கள் அதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தம்பி ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டான், மிஞ்சியது அவன் மனைவி தன் போனுக்கு அனுப்பிவைத்திருந்த சில படங்கள்தான்.