வேலூரில் ஒரு மறுவாழ்வு மருத்துவப் பிரிவு: 19 நாள் அனுபவம்

குடியாத்தத்தில் 40 ஆண்டுகள் லுங்கி நெய்த என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்ததால், வேலூரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் 19 நாள்கள் தங்கியிருந்தோம். சிகிச்சையில் குறையில்லை; கேட்பவர்களைத் தயங்காமல் அங்கே போகச் சொல்வேன். ஆனால் ஒருவருடைய வேலை எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டார் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு வாய் தண்ணீர் கேட்டார். ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்றார் சிஸ்டர். பணியிலிருந்த டாக்டரும் அதையே சொன்னார். பேச்சுப் பயிற்சி தருபவர்தான் விழுங்கும் திறனையும் சோதிப்பவர் என்பதே எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம் என்று அவர் திங்கட்கிழமை விளக்கியபோதுதான் அந்தத் தடையின் நியாயம் புரிந்தது. அதை ஞாயிற்றுக்கிழமையே யாராவது சொல்லியிருந்தால், மூக்குக் குழாய் வழியே ஆகாரம் போய்க்கொண்டிருந்தபோதும் அம்மா இரவெல்லாம் அழுதிருக்க மாட்டார்.

இந்த எல்லைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் இதே ஊரில் 1909-இல் செவிலியர் பயிற்சியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இன்று ஒரு கட்டிலைச் சுற்றி ஆறேழு தொழில்கள் நிற்கின்றன. மருந்தாளுநருக்கு 1948-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது; பிசியோதெரபி போன்ற துறைகளுக்குத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2021-இல்தான் வந்தது. தனிப் படிப்பும் தனிப் பதிவும் உள்ள ஒருவர் அடுத்தவர் வேலையில் கைவைக்கத் தயங்குவதை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தப் பிரிவின் மிகச் சிறந்த ஏற்பாடு புதன்கிழமைக் கூட்டம். டாக்டர், சிஸ்டர், பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லோரும் எங்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். அப்பா நெசவாளி என்று நான் சொன்னதைக் கேட்டு, மறுநாளே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நூல்கண்டு கொண்டுவந்து முடிச்சுப் போடும் பயிற்சி கொடுத்தார். பாவு ஓட்டுபவர் வேறு, கஞ்சி போடுபவர் வேறு, நெய்பவர் வேறு என்றிருந்தாலும், தறியில் இழை அறுந்தால் அது யார் பிழை என்று பாராமல் நெய்பவரே முடிச்சுப் போடுவார். அந்த அறையில் நான் கண்டது அப்படிப்பட்ட வேலை.

அந்தக் கூட்டத்திலும் ஒருவருக்கு இடமில்லை. அப்பாவை ஒரு நாளில் எட்டுப் பத்து முறை தூக்கி உட்காரவைத்துப் புரட்டிவிடும் ஆயாம்மாவை யாரும் அழைக்கவில்லை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும் என்று பிசியோதெரபிஸ்ட் எங்களுக்குச் சொல்லித்தந்த மறுநாள் காலையில், அந்த அம்மா அன்போடு, "எந்திரிங்க ஐயா" என்று அதே கையைப் பிடித்துத் தூக்கினார். அப்பா வலியில் துடித்தார். தவறு ஆயாம்மாவுடையது அல்ல. அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்வது யாருடைய வேலை என்றும் எங்கும் வகுக்கப்படவில்லை. கட்டணம், அறை, உணவு எல்லாம் சுமார்தான், ஆனால் அவை எனக்குப் பெரிதாகப்படவில்லை; இந்த ஒன்றை மட்டும் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும்.

தலைமைச் செவிலியரிடம் முறையிட்டேன். அன்று பிற்பகலே பிசியோதெரபிஸ்ட் வந்து, முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து எப்படித் தூக்குவது என்று ஆயாம்மாவுக்குக் கட்டிலருகே நின்று ஐந்து நிமிடத்தில் காட்டினார். இரவுப் பணிக்கு வந்த இன்னோர் ஆயாம்மாவுக்கு அதைச் செய்துகாட்டியது என் அம்மா.