‘நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம்’ என்றார்கள், என் மீது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிட்டது

ஒன்பது நாள்களுக்கு முன்பு நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் ஊழியரான அமீனா என் மளிகைக் கடைக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியை ஜப்தி செய்வதற்கான உத்தரவைக் காட்டினார். நான் ஆஜராகாததால் என் மீது எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாதியிடம் கெஞ்சிப் பத்து நாள் அவகாசம் வாங்கினேன்.

வியாபாரத்துக்கு வாங்கிய கடனுக்கான புரோநோட்டை வைத்து, 2,40,000 ரூபாய் கேட்டு என் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் நான் திருப்பிக் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கில் ஆதாரம் இருக்கிறது. சம்மன் வந்ததும் பயந்துபோன நான், வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவையைத் தொடர்புகொண்டேன். போனில் பேசிய பெண், “அண்ணா, சம்மனைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கடையைப் பாருங்கள், நீங்கள் கோர்ட்டுக்கே வர வேண்டாம்” என்றார். சம்மன் வந்த நாளிலிருந்து சரியாகத் தூங்காதிருந்த எனக்கு அந்த ‘அண்ணா’ போதுமானதாக இருந்தது. அன்றே 32,500 ரூபாயை அனுப்பி, எனக்காக வழக்கறிஞர் ஆஜராக அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் “வாய்தா போட்டிருக்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது, நானும் நம்பினேன்.

உண்மையில் அந்த வக்காலத்து தாக்கலே ஆகவில்லை. வழக்குக்குப் பதிலாக எழுத்தில் தர வேண்டிய எதிருரையும் போடவில்லை. ஜூன் 18 அன்று கூப்பிட்டும் ஆஜராகவில்லை என்று என்னை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஆகஸ்ட் 22 அன்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எனக்கு ‘வாய்தா’ என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள்.

அமீனா வந்த அன்று போன் செய்தால், அந்தப் பெண் வேலையில் இல்லையாம். மறுநாள், “வழக்கறிஞர் எங்கள் ஊழியர் அல்ல, நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்” என்றார்கள். வழக்கறிஞரின் எண் கேட்டபோது புகார் எண் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட இன்னும் 18,000 கட்டினால் போதும் என்று கூசாமல் சொன்னார்கள். என் 32,500 ரூபாயைப் பற்றிய பேச்சை எடுத்தாலே அழைப்பு துண்டிக்கப்பட்டது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன்.

இன்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-இன் கீழ் மனுத் தாக்கல் செய்திருக்கிறேன். சம்மன் சேரவில்லை என்றோ, வர முடியாமைக்குப் போதிய காரணம் இருந்தது என்றோ காட்டினால்தான் தீர்ப்பு ரத்தாகும். சம்மனை நானே கையெழுத்துப் போட்டு வாங்கியதால் முதல் வழி எனக்கு இல்லை. தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்களுக்குள் போட வேண்டிய மனு என்பதால், 144 நாள் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும், ஜப்திக்குத் தடை கேட்கும் மனுவும் தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. வழக்கறிஞரின் தவறுக்காகக் கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, கட்சிக்காரரும் விழிப்பாக இருந்தாரா என்று நீதிபதி கேட்பார் என்கிறார் என் வழக்கறிஞர். மனு ஏற்கப்பட்டாலும் செலவுத் தொகை கட்டச் சொல்லலாம், ஒரு பகுதிப் பணத்தை நீதிமன்றத்தில் செலுத்தச் சொல்லலாம்.

சம்மன் வந்தவர்கள் முதல் வாய்தாவுக்கு நேரில் போங்கள். வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு ஒவ்வொரு வாய்தாவையும் நீங்களே பாருங்கள், எனக்கு அது இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கும். பணம் கொடுத்த ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம் அவைதான். இணையச் சேவைக்குக் கொடுத்த 32,500 ரூபாய்க்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். தடை மனு நாளை விசாரணைக்கு வருகிறது, கடையைப் பூட்டிவிட்டு நானே போகிறேன்.